உயிர் காக்கும் ஊசி உழவன் கைக்கு எட்டுமா?

(இறுதியாண்டு, இயந்திரவியல் துறை)



கொரோனா தடுப்பூசி போட்டதும் நம்மையெல்லாம் அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? முக்கால்வாசிப் பேர் அந்த அரை மணியை அரட்டையில் கழித்தோம். எதற்காக உட்கார வைத்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. ஒவ்வொரு தடுப்பூசி மையத்திலும் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதற்குள் ஒரு கண்ணாடிக் குப்பி, அதில் ஒரே ஒரு மில்லி மருந்து. அந்த மருந்தின் பெயர் அட்ரினலின். அமெரிக்காக்காரர்கள் எபிநெப்ரின் என்பார்கள். யாருக்காவது தடுப்பூசி ஒத்துக்கொள்ளாமல் உடம்பு முழுக்கத் தடித்து, தொண்டை அடைத்து, மயங்கி விழுந்தால் உடனே தொடையில் போடுவதற்காக அது வைக்கப்பட்டிருந்தது. கோடிக்கணக்கான பேருக்கு ஊசி போட்ட இடங்களில் எல்லாம் இந்தப் பெட்டியை வைக்க நம் நாட்டால் முடிந்தது. இதை முதலில் மனதில் வையுங்கள். பின்னால் இதைப் பிடித்துத்தான் நான் சண்டை போடப் போகிறேன்!

ஆண்டு மலரில் வரதட்சணை, சுற்றுச்சூழல், இளைஞர் கையில் இந்தியா என்று எழுதுவதுதான் வழக்கம். ஒரு ஊசியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மலர்க் குழு நண்பர்கள் சிரித்தார்கள். 'நீ என்னப்பா மெடிக்கல் காலேஜா?' என்று ஒருத்தன் கேட்டான். இல்லைதான். ஆனால் நான் எழுத வந்த ஊசிக்குள் மருந்து கொஞ்சம், மெக்கானிக்கல் நிறைய. ஸ்பிரிங், பிஸ்டன், லாக், ரிலீஸ் எல்லாமே நம் சிலபஸ்!

முதலில் நோயைப் பற்றி. ஒவ்வாமை என்றதும் நமக்குத் தும்மலும் அரிப்பும்தான் நினைவுக்கு வரும். அதில் ஒரு பயங்கரமான வகை இருக்கிறது. பெயர் அனாஃபிலாக்சிஸ். பிரான்ஸ் நாட்டு ரிஷே, போர்ட்டியே என்ற இருவர் 1902-ல் வைத்த பெயர் இது. நாய்களுக்குக் கடல் உயிரி ஒன்றின் விஷத்தைக் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும் என்று நினைத்தார்கள். இரண்டாம் முறை முன்னைவிடக் குறைவாகக் கொடுத்தும் நாய் சில நிமிஷத்தில் செத்துப்போனது. பழகவில்லை, பகையாகிவிட்டது! இந்த ஆராய்ச்சிக்காக ரிஷே 1913-ல் நோபல் பரிசு பெற்றார். மனிதரிலும் அப்படித்தான். முதல் முறை கொட்டும்போது வீக்கத்தோடு போய்விடும். அடுத்த முறை அதே கொட்டு ஆளையே தூக்கிவிடும். இரத்தக் குழாய்கள் தளர்ந்து ரத்த அழுத்தம் விழுகிறது, மூச்சுக்குழல் சுருங்குகிறது, தொண்டை வீங்குகிறது. இங்கிலாந்தில் இப்படி இறந்தவர்களின் விவரங்களை ஆராய்ந்து பம்ஃப்ரி என்ற மருத்துவர் 2000-ல் வெளியிட்டார். உணவு ஒவ்வாமையில் இதயம் நிற்பதற்கு நடுவாக 30 நிமிஷம், பூச்சிக்கொட்டில் 15 நிமிஷம், மருத்துவமனையில் ஏற்றும் மருந்தால் வந்தால் வெறும் 5 நிமிஷம் ஆகியிருந்ததாம்.

பதினைந்து நிமிஷம்! அகரத்துத் தோப்பிலிருந்து ஆளைத் தூக்கி, தாடிக்கொம்பு ரோட்டுக்கு வந்து, வண்டி பிடித்துத் திண்டுக்கல் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று நம் பக்கத்து மாணவர்களுக்குத் தெரியும். 108 வண்டி 2008 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது, அது எத்தனையோ உயிரைக் காத்திருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆம்புலன்ஸுக்கும் சக்கரம்தான், இறக்கை இல்லை.

நம் ஊரில் இந்த ஆபத்து யாருக்கு? அமெரிக்காவில் வேர்க்கடலை ஒவ்வாமை என்று பெரிதாகப் பேசுகிறார்கள். நமக்கு முக்கியமான எதிரி கடந்தை. சிலர் கதண்டு என்பார்கள். பனையிலும் தென்னையிலும் மண்பானை அளவுக்குக் கூடு கட்டிவிடும். தேங்காய் வெட்டுகிறவர், ஓலை வெட்டுகிறவர், மாடு மேய்க்கிறவர், கண்மாயில் முள் வெட்டுகிற பெண்கள் ஆகியோரைத்தான் அது தேடி வந்து கொட்டும். மலைப்பக்கம் மலைத்தேனீயும் உண்டு. 'கடந்தை கொட்டித் தொழிலாளி பலி' என்று தினசரியில் நான்கு வரி வரும். நாம் பக்கத்தைத் திருப்பி கிரிக்கெட்டுக்குப் போய்விடுவோம். நூற்றுக்கணக்கில் மொத்தமாகக் கொட்டினால் விஷத்தின் அளவே சிறுநீரகத்தைக் கெடுத்து ஆளைக் கொல்லும், அது வேறு கதை, அதற்கு மருத்துவமனைதான் வழி. ஒன்று இரண்டு கொட்டிலேயே பத்து நிமிஷத்தில் சாய்கிறார் என்றால் அது அனாஃபிலாக்சிஸ். அங்கே இந்த ஒரு மில்லி மருந்துதான் உயிர்.

எங்கள் சித்தப்பா தென்னை ஏறுகிறவர். நான் பத்தாவது படிக்கும்போது அவரை மூன்று கடந்தை கொட்டியது. அதற்கு முந்தின வருஷமும் கொட்டியிருக்கிறது, சுண்ணாம்பு தடவிக்கொண்டு மறுநாள் மரம் ஏறிவிட்டார். இந்தத் தடவை மரத்திலிருந்து இறங்கும்போதே உடம்பெல்லாம் திட்டுத் திட்டாய் வந்து, குரல் கம்மிவிட்டது. சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும், நான் பள்ளியில் இருந்தேன். எல்லோரும் செய்கிற மாதிரி மொபெட்டில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருத்தர் பிடித்துக்கொண்டு கூட்டிப் போனார்கள். முதலில் போன இடத்தில் (பெயர் வேண்டாம்) அவில் ஊசியும் ஸ்டீராய்டு ஊசியும் போட்டு, 'கொஞ்ச நேரத்தில் சரியாயிடும், படுக்க வைங்க' என்றிருக்கிறார்கள். சரியாகவில்லை. கண் சொருகிவிட்டது. அங்கிருந்து இரண்டாவது இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அங்கே இருந்த டாக்டர் அம்மா எதையும் கேட்காமல் தொடையில் ஒரு ஊசி போட்டாராம். 'ஊசி இறங்கி அஞ்சு நிமிஷம் இருக்காது, மனுசன் கண்ணைத் தொறந்து தண்ணி கேட்டாரு' என்று சித்தி இன்றைக்கும் சொல்லும். அந்த ஊசி அட்ரினலின்.

இதில் நான் யார் மேலும் குற்றம் சுமத்த வரவில்லை. ஆனால் இந்த 'முதலில் அவில், பிறகு பார்க்கலாம்' என்ற பழக்கம் ஒரு ஊரில் ஒரு ஆளிடம் மட்டும் இருப்பதில்லை. அவில் அரிப்பைக் குறைக்கும், தடிப்பை அடக்கும். விழுந்துகொண்டிருக்கிற ரத்த அழுத்தத்தை அது தூக்கி நிறுத்தாது, அடைக்கிற மூச்சுக்குழலைத் திறக்காது. ஸ்டீராய்டு வேலை செய்யவே மணிக்கணக்கு ஆகும். உலக மருத்துவ வழிகாட்டிகள் எல்லாவற்றிலும் முதல் மருந்து அட்ரினலின்தான், தொடையின் வெளிப்பக்கத் தசையில். பெரியவருக்கு அரை மில்லிகிராம், அதாவது குப்பியில் பாதி. குழந்தைக்கு எடையைப் பார்த்துக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். சரியாகவில்லையென்றால் ஐந்து நிமிஷத்தில் மறுபடி. அப்புறம்தான் மற்றதெல்லாம். இன்னொன்று, மயக்கம் வருகிறவரை நிமிர்த்தி உட்கார வைக்கக் கூடாது. படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைக்க வேண்டும். மூச்சுதான் திணறுகிறது என்றால் காலை நீட்டி உட்காரலாம், வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். சட்டென்று எழுப்பி நிறுத்தியதாலேயே இறந்தவர்கள் உண்டு என்று அதே பம்ஃப்ரி எழுதியிருக்கிறார். நம் மொபெட் பயணத்தை நினைத்தால் எனக்கு இப்போது வயிறு கலங்குகிறது.

சித்தப்பா பிழைத்தார். டாக்டர் அம்மா, 'அடுத்த தடவை கொட்டினா இன்னும் மோசமா இருக்கலாம், ஜாக்கிரதை' என்றார். தென்னை ஏறுகிறவர் எப்படி ஜாக்கிரதையாக இருப்பது? தொழிலை விடச் சொல்கிறீர்களா? வெளிநாடாக இருந்தால் இந்த இடத்தில் அவர் கையில் ஒரு பேனாவைக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

அந்தப் பேனாதான் நம் விஷயம். ஆட்டோ இன்ஜெக்டர் என்பார்கள். எபிபென் என்பது அதில் பிரபலமான கம்பெனிப் பெயர். போர்க்களத்தில் விஷவாயு பட்ட சிப்பாய் தனக்குத் தானே மாற்று மருந்து குத்திக்கொள்ளச் செய்த கருவியிலிருந்து வந்தது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஷெல்டன் கப்லான் என்ற இன்ஜினியர். டாக்டர் அல்ல, இன்ஜினியர்! நம் ஆள்! அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 1987-ல் அனுமதி தந்தது. ஒரு முனையில் நீல மூடி, அது சேஃப்டி. மறுமுனை ஆரஞ்சு, அங்கிருந்துதான் ஊசி வரும். நீலத்தைப் பிடுங்கிவிட்டு ஆரஞ்சைத் தொடையில் அழுத்தினால் உள்ளே இறுக்கி வைத்த ஸ்பிரிங் விடுபட்டு, பேண்ட் துணியையும் தாண்டி ஊசி இறங்கி 0.3 மில்லிகிராம் மருந்தைத் தள்ளிவிடும். குழந்தைகளுக்கு அதில் பாதி. எழுதப் படிக்கத் தெரியாதவரும் இருட்டிலும் போட்டுக்கொள்ளலாம்.

அருமையான கருவி. ஆனால் அது குறையே இல்லாத கருவி என்று நினைத்துவிடாதீர்கள். இங்கேதான் நம் பாடம் வருகிறது. 2015 அக்டோபரில் சனோஃபி கம்பெனி ஆவி-க்யூ என்ற பேசும் இன்ஜெக்டரை (ஆமாம், அது குரலில் வழி சொல்லும்) அமெரிக்கா, கனடா சந்தையிலிருந்து மொத்தமாகத் திரும்பப் பெற்றது. மருந்து சரியான அளவில் இறங்காமலோ இறங்கவே இறங்காமலோ போகலாம் என்பதுதான் காரணம். 26 புகார்கள் வந்திருந்தன. 2017-ல் எபிபென்னிலேயே ஒரு பாகம் பழுதாக இருக்கலாம், அழுத்தினாலும் வேலை செய்யாமல் போகலாம் என்று சில லாட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அதைத் தயாரித்த மெரிடியன் கம்பெனிக்கு, தோல்விப் புகார்களைச் சரியாக விசாரிக்கவில்லை என்று அமெரிக்க நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதமே எழுதியது. 2020-ல், நீல மூடியைப் பக்கவாட்டில் தள்ளினால் நேரத்துக்கு முன்பே வெடித்துவிடலாம் என்று ஒரு அறிவிப்பு. பிரிட்டனில் எமரேட் என்ற பேனாவை 2023 மே மாதம் திரும்பப் பெற்றார்கள். கீழே விழுந்தால் தானே இயங்கிவிடலாம், தேவைப்படும்போது இயங்காமலும் போகலாம்!

இதைப் படித்ததும் எனக்கு நம் திண்டுக்கல் பூட்டு நினைவுக்கு வந்தது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. விடுமுறையில் நான் வேலைக்குப் போன பட்டறையில் ஒரு பெரியவர் சொல்வார், 'பூட்டு தெறக்கலைன்னா சாவி போட்டவன் சும்மா திட்டிட்டுப் போவான், பூட்டு தானா தெறந்துக்கிட்டா வீடே போயிடும்' என்று. பூட்டு வேண்டும்போது திறக்க வேண்டும், வேண்டாதபோது திறக்கவே கூடாது. அந்த இன்ஜெக்டருக்கும் இதே இரண்டு நிபந்தனைதான். ஆனால் பூட்டைத் தினமும் திறந்து பார்க்கிறோம், ஸ்பிரிங் தளர்ந்தால் தெரிந்துவிடும். இன்ஜெக்டரின் ஸ்பிரிங்கோ ஒன்றரை வருஷத்துக்கு மேல் அமுங்கிய நிலையிலேயே கிடந்து, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வேலை செய்ய வேண்டும். ஒத்திகை பார்க்க முடியாது. பார்த்தால் மருந்து போய்விடும்!

அப்படியென்றால் எவ்வளவு நம்பகம் வேண்டும்? 2020 ஏப்ரலில் அமெரிக்க நிர்வாகம் ஒரு வரைவு வழிகாட்டி வெளியிட்டது. இப்படிப்பட்ட அவசர இன்ஜெக்டர்களுக்கு 99.999 சதவீத நம்பகம், அதையும் 95 சதவீத உறுதியோடு காட்ட வேண்டும் என்கிறது. லட்சத்தில் ஒன்றுதான் தவறலாம். குவாலிட்டி கன்ட்ரோல் பாடத்தில் படித்ததை வைத்து நான் ஒரு கணக்குப் போட்டேன். 95 சதவீத நம்பகம் போதும் என்றால் 59 பேனாவைக் குத்திப் பார்த்து ஒன்றுகூடத் தவறாமல் இருந்தால் போதும். 99.999 வேண்டும் என்றால் ஏறத்தாழ 3 லட்சம் பேனாவை ஒன்றுகூடத் தவறாமல் குத்திக் காட்ட வேண்டும்! கால்குலேட்டர் தப்போ என்று இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அதனால்தான் முழுப் பேனாவை மட்டும் சோதிக்காமல், எந்தெந்த வழியில் அது தவறலாம் என்று மரம் போலக் கிளை பிரித்து எழுதி, ஸ்பிரிங், ஊசி, லாக் என்று ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகச் சோதித்துக் கூட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். எனக்கு இதைப் படித்தபோது புல்லரித்தது. ஃபால்ட் ட்ரீ என்று கேள்வித்தாளில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோமே, அது இங்கே ஒரு மனிதன் எழுந்து உட்காருவதற்கு!

இனி நம் ஊர்ப் பிரச்சினைக்கு வருகிறேன். நம் நாட்டில் இந்தப் பேனா மருந்துக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பொருள் இல்லை. வசதியுள்ளவர்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொள்கிறார்கள். திண்டுக்கல்லில் நான்கு கடையில் கேட்டேன். ஒரு கடைக்காரர் 'பேனாவா? ஸ்டேஷனரி எதுத்தாப்ல தம்பி' என்றார். நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை, நிஜம்.

விலை? அமெரிக்காவில் மைலன் கம்பெனி 2007-ல் இந்தப் பேனாவை வாங்கியபோது இரண்டு கொண்ட பெட்டி சுமார் 100 டாலர். 2016-ல் 600 டாலரைத் தாண்டிவிட்டது. உள்ளே இருக்கும் மருந்தோ நூறு வருஷத்துக்கு முந்தியது. ஜப்பானைச் சேர்ந்த தகாமினே 1900-ல் தன் உதவியாளர் உயேனாகாவோடு சேர்ந்து தூய்மையாகப் பிரித்தெடுத்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் கம்பெனித் தலைவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். பணக்கார நாட்டிலேயே அந்தப் பாடு! இத்தனைக்கும் எபிபென்னுக்குள் இருக்கும் திரவம் 2 மில்லி, வெளியே வருவது 0.3 மில்லிதான். மீதியைத் தூக்கி எறிய வேண்டியதுதான். சோற்றில் ஒரு பருக்கை சிந்தினால் திட்டுகிற எங்கள் அப்பத்தாவிடம் இதைச் சொன்னால் என்ன சொல்லும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெயில் அடுத்த வில்லன். இந்தப் பேனாவை 20 முதல் 25 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். வெளியே கொண்டுபோகும்போது 15-லிருந்து 30 வரை பரவாயில்லை. ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, வெளிச்சம் படக் கூடாது. நம் சமவெளியில் சித்திரை வைகாசியில் ஓட்டு வீட்டுக்குள்ளேயே 35-க்குக் குறையாது. மரத்தடியில் தொங்கவிட்ட துணிப்பையில் எவ்வளவு இருக்கும்? சூட்டில் அட்ரினலின் வீரியம் குறையும், நிறம் மாறிப் பழுப்பாகும். ஆக, கலிபோர்னியாக்காரனுக்குச் செய்த பேனாவை அப்படியே கொண்டுவந்து அகரத்துத் தென்னந்தோப்பில் கொடுத்தால் அது வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதோடு, வழிமுறை முழுக்க ஆங்கிலம். எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். நான் கல்லூரிக்கு வந்த நேரத்தில் கொட்டினால்?

'அப்ப குப்பியும் சிரிஞ்சும் போதுமே, அதான் சினிமா டிக்கெட்டை விட மலிவு' என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கனடாவில் சைமன்ஸ் என்ற பெண் மருத்துவரும் குழுவினரும் 2001-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். குப்பியை உடைத்து, குழந்தைக்கான அளவைச் சிரிஞ்சில் இழுக்கச் சொன்னபோது அவசரப் பிரிவு நர்ஸ்கள் 29 விநாடியில் முடித்தார்கள். டாக்டர்களுக்கு 52 விநாடி (இதை நர்சிங் படிக்கும் நம் சகோதரிகள் குறித்துக்கொள்ளலாம்!). பெற்றோர்களுக்கு 142 விநாடி ஆனது. நேரம்கூடப் போகட்டும், அவர்கள் இழுத்த மருந்தின் அளவு ஒருவருக்கொருவர் பயங்கரமாக வித்தியாசப்பட்டது. இத்தனைக்கும் எதிரில் எந்தக் குழந்தையும் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கவில்லை. நம் ஊரில் இன்னொரு குழப்பம் உண்டு. சர்க்கரை நோயாளி வீட்டில் இருக்கிற இன்சுலின் சிரிஞ்சில் 40 கோடு என்பது ஒரு மில்லி, 100 கோடு போட்ட சிரிஞ்சும் இருக்கிறது. அதில் இருக்கும் குட்டை ஊசி தசைக்கே போகாது.

ஆகவே குப்பி வீட்டுக்காரர் கையில் கொடுக்கிற பொருள் அல்ல, பயிற்சி பெற்றவர் கையில் இருக்க வேண்டியது. பேனா வீட்டுக்காரருக்கானது, ஆனால் நமக்கு எட்டவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் சித்தப்பா நிற்கிறார்.

என் தாழ்மையான கருத்து இதுதான். பேனா வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தடுப்பூசி போடும் கிராம சுகாதார செவிலியரிடம் அந்தச் சின்னப் பெட்டி ஏற்கெனவே இருக்கிறது. தடுப்பூசியால் வரும் அனாஃபிலாக்சிஸுக்கு முதல் ஊசியை அவரே போட்டுவிட்டு மேல் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்று அரசே பயிற்சி கொடுத்திருக்கிறது. தடுப்பூசியால் வந்தாலும் கடந்தையால் வந்தாலும் உடம்புக்குள் நடப்பது ஒன்றுதானே? அந்த அனுமதியைக் கொட்டுக்கும் விரித்துத் தெளிவாக எழுதிக் கொடுத்தால் என்ன? புதன்கிழமை தடுப்பூசிக்கு மட்டும் வெளியே வருகிற பெட்டி வியாழக்கிழமையும் ஊருக்குள் இருக்கட்டும். வீடு வீடாகப் போகும் மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்தபோது சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவர முடியும் என்று காட்டினார்கள் அல்லவா? யாருக்கு ஏற்கெனவே கொட்டி மயக்கம் வந்திருக்கிறது என்ற பட்டியலையும் அப்படி வீடு வீடாக எடுக்கலாம். ஒரு ஊரில் எத்தனை பேர் தேறுவார்கள்? விரல் விட்டு எண்ணலாம்.

அந்தச் சில பேருக்கு மட்டும், மருத்துவர் அளவு பார்த்து நிரப்பி மூடிய சிரிஞ்சைக் கொடுக்கலாம். இது என் கற்பனை இல்லை. பேனா வாங்க வசதியில்லாதவர்களுக்காகத் தாய்லாந்தில் இப்படி நிரப்பி வைத்துச் சோதித்து, மூன்று மாதம் வரை வீரியமும் சுத்தமும் கெடவில்லை என்று 2010-ல் எழுதியிருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ரேஷன் கடைக்கு மாதாமாதம் போகிற நமக்கு இது பெரிய காரியமா? டாக்டர் மேற்பார்வை இல்லாமல் இதை யாரும் சொந்தமாகச் செய்துவிடாதீர்கள், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பாம்புக்கடியிலும் இந்த மருந்துக்கு வேலை உண்டு. விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. அதனால் அதுவே சிலருக்கு அனாஃபிலாக்சிஸை உண்டாக்கும். இலங்கையில் 1007 நோயாளிகளிடம் நடத்தி 2011-ல் வெளிவந்த ஆய்வில், விஷமுறிவுக்கு முன் சிறிதளவு அட்ரினலின் கொடுத்தபோது முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான எதிர்விளைவு 43 சதவீதம் குறைந்தது. ஆகவே நான் கேட்பது ஏதோ அபூர்வ நோய்க்கான ஆடம்பரம் அல்ல.

மூக்கில் அடிக்கும் ஸ்பிரே வந்துவிட்டது, இனி ஊசியே வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். நெஃபி என்ற பெயரில் 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். சந்தோஷம்தான். ஊசிக்குப் பயப்படுகிறவர்களுக்கு வரம். ஸ்பிரிங் இல்லை, தவறிக் கட்டைவிரலில் குத்திக்கொள்ளும் ஆபத்தும் இல்லை. ஆனால் விலை அதற்கும் இருக்கிறது. அது நம் தாலுகாவுக்கு வரும்போது நான் பேரன் எடுத்திருப்பேன் என்று தோன்றுகிறது.

நம் ஆட்களே செய்ய முடியாதா என்பதுதான் என் அடுத்த கேள்வி. சந்திரனுக்கு ராக்கெட் விட்டோம் என்ற வழக்கமான வசனத்தைப் பேசப் போவதில்லை. ராக்கெட் விட்டவர்கள் வேறு, நாம் வேறு. நமக்குத் தெரிந்தது சின்ன ஸ்பிரிங், சின்ன லீவர், பித்தளை, ஒரு நூல் அளவு பிசகினால் பூட்டு திறக்காது என்ற பயம். அந்தப் பயம் போதும் என்று நினைக்கிறேன். மருந்தை நாம் தொட வேண்டாம், அதற்கு லைசென்ஸ், மலட்டுத்தன்மை, சட்டம் எல்லாம் இருக்கிறது. ஆனால் தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சை ஏற்றி, அழுத்தினால் சரியாக அரை மில்லி மட்டும் தள்ளுகிற ஒரு கூடு, சிரிஞ்சை மட்டும் மாற்றித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக் கூடிய கூடு, இதை ஒரு புராஜெக்ட்டாக எடுக்கலாம். நாற்பது டிகிரியில் ஆறு மாதம் ஸ்பிரிங்கை அமுக்கி வைத்து, எத்தனை சதவீதம் விசை தளர்கிறது என்று அளந்தாலே அது உருப்படியான தகவல். வருஷா வருஷம் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மணி அடிக்கும் கருவியையே கடையில் வாங்கி வைத்து வைவா முடிக்கிறோமே, அதற்கு இது தேவலை.

மாணவர் மன்றத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, நம் பணிமனையில் இருக்கும் முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். டிங்சர், பஞ்சு, காலாவதியான ஒரு களிம்பு. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரை ஒரு நாள் அழைத்து, இரண்டாமாண்டு மாணவர்களுக்கு அனாஃபிலாக்சிஸ் அறிகுறிகளையும் படுக்க வைக்கும் முறையையும் சொல்லித் தரச் சொல்லலாம். ஊசியைப் பற்றி அவர் என்ன சொல்கிறாரோ அதன்படி நடக்கலாம். இரண்டு, விடுதிக்குப் பின்னால் இருக்கும் வடக்குப் பக்கத் தென்னையில் ஒரு கடந்தைக் கூடு வளர்ந்துகொண்டிருக்கிறது. கல்லெறிந்து விளையாடுவதை முதலாமாண்டுத் தம்பிகள் உடனே நிறுத்துங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101-ல் சொன்னால் இரவில் வந்து எடுத்துவிடுவார்கள். இந்த மலர் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் அந்தக் கூடு அங்கே இருக்கக் கூடாது என்று மன்றச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். போய்ப் பாருங்கள்.